நீலாயி கூப்பிட்ட பெயர்

விளக்கை அணைத்துவிட்டார்கள், இனிமேல் எழுந்து போக முடியாது. போனால் இந்தச் சின்ன அரங்கில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், படத்தில் நடித்த அம்மாவே பாதியில் போகிறாள் என்பார்கள், பாதிகூட இல்லை, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. வெளியே மத்தியான வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏசிக் குளிர் முழங்காலுக்குள் இறங்குகிறது. நான் கேட்காமலே சால்வையை எடுத்து மடியில் போடுகிறார் சவுண்டு. என் வீட்டுக்காரருக்கு அவருடைய அம்மா வைத்த பெயர் குருபாதம். இப்போது திரையிடப்போகிற இந்தப் படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர் என்பதால் செட்டில் எல்லோரும் சவுண்டு, சவுண்டு என்றார்கள், எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது, கல்யாணமாகியும் போகவில்லை. பாளையங்கோட்டையில் மாமியார் சலித்துக்கொள்வார், "எம்புட்டு அழகான பேரு வச்சிருக்கேன், இவ என்னமோ ரேடியோவைத் திருப்புத மாதிரி கூப்பிடுதாளே" என்று. பாவம், அவருக்குக் காரணம் தெரியாது. நான் யாரையுமே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெற்ற மகன் பெரியவனே, மருமகள் அம்மாடி, பேத்தி குட்டி, நான் பால் ஊற்றி வளர்க்கிற பூனைகூட வெறும் பூனைதான். மற்ற எல்லோரும் கண்ணு. சேலத்துப் பெண், கண்ணு கண்ணு என்று எவ்வளவு பிரியமாகக் கூப்பிடுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். பிரியம்தான், இல்லை என்று யார் சொன்னது. ஆனால் அது பயத்தின் மேல் வளர்ந்த பிரியம், அதை எப்படி விளக்குவது, விளக்கி என்ன ஆகப்போகிறது. எனக்கு நேர் முன் வரிசையில் நரை ஓடிய கொண்டை ஒன்று தெரிகிறது. அது எழிலி. இந்தப் படத்தில் என்னோடு நடித்த கதிரண்ணனின் மகள். வாசலில் வைத்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா பேசி நான் கேட்டதே இல்லைம்மா, அதுக்காகத்தான் பட்டுக்கோட்டையிலேருந்து வந்தேன்" என்றாள். அப்பா இறந்த பிறகு பிறந்த பிள்ளை. என் கையைப் பிடித்த கை சூடாக இருந்தது. நான் யார் என்று தெரிந்துதான் பிடித்தாளா, தெரியாமல் பிடித்தாளா. படம் முடிந்ததும் அந்தக் கை என்ன செய்யும்.

திரை வெளுக்கிறது. கோடு கோடாய் மழை பெய்கிற மாதிரி கீறல்கள். மலேசியாவில் ஏதோ மூடிப்போன தியேட்டர் கிடங்கில் கிடந்த பிரதி, ஒரே ஒரு பிரதி, அதைத் துடைத்து ஒட்டிச் சரிசெய்து கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், பழையதைத் தேடி இத்தனை ஆசையாக அலைகிறதுகள். ஆனால் கிடைக்காமலே போயிருக்கலாம் என்று வேண்டிக்கொண்டவள் இங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். 'கருங்குளத்து நீலாயி.' எழுத்துகளிலிருந்து புகை கிளம்புகிறது, சாம்பிராணிப் புகைதான், கண்ணெரிச்சல் நாலு நாள் போகவில்லை. இளங்கதிர் என்று கதிரண்ணன் பெயர் வருகிறது, முன்னால் அந்தக் கொண்டை நிமிர்கிறது. பிறகு அம்சவேணி. நான்தான். கூடவே ஆந்தை அலறுகிறது, அரங்கில் யாரோ ஒரு பெண் ஐயோ என்கிறாள், சவுண்டின் தோள் குலுங்குகிறது, சிரிக்கிறார். அந்த ஆந்தை இவர்தான். உள்ளங்கையைக் குவித்து ஊதி இவரே அலறியது. பேரப்பிள்ளைகள் சாப்பிட அடம்பிடித்தால் இன்றைக்கும் அலறுகிறார், என்ன, இப்போது நடுவில் இருமல் வருகிறது. இதோ நான் வருகிறேன், கையில் கழி, முதுகில் கூன். இருபத்தோரு வயதுப் பெண்ணுக்குக் கன்னத்தில் பஞ்சையும் பசையையும் ஒட்டிக் கிழவியாக்கியிருக்கிறார்கள். சுருக்கமெல்லாம் தப்பான இடம். கன்னத்தில் குறுக்கே போட்டிருக்கிறார் மேக்கப்காரர், அது உண்மையில் கன்னத்தில் வராது கண்ணு, உதட்டுக்கு மேலே வரும், கழுத்தில் வரும், முழங்கைக்கு மேலே தொங்கும். எவ்வளவு கஷ்டப்பட்டுக் குனிகிறாய் நீ, குனிந்ததும் மறந்துபோய் விறுவிறுவென்று நடக்கிறாய், எந்தக் கிழவி இப்படி நடக்கிறாள். ஆனால் கண் நன்றாக இருக்கிறது. அந்தக் கண்ணை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. உனக்கு அப்போது ஒன்றுமே தெரியாது, மை கலந்த தொட்டித் தண்ணீரில் நின்று நின்று கால் அரித்தது ஒன்றுதான் உன் கவலை.

கதை சின்னக் கதைதான். கருங்குளம் என்று ஒரு ஊர், அங்கே ஆட்கள் ஒவ்வொருவராகக் காரணம் தெரியாமல் சாகிறார்கள். நீலாயி சூனியக்காரி, குளத்தில் குனிந்து ஒருத்தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் முகம் தண்ணீரில் தெரியும், தெரிந்தால் அவன் பிழைக்க மாட்டான் என்று ஊர் சொல்லும். பட்டணத்திலிருந்து வருகிற டாக்டர் சேகரன் அதெல்லாம் பொய் என்பான், கிணற்றில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்பான். அதை நிரூபிக்க ஊர் முன்னால் குளக்கரையில் நின்று, என் பெயரைக் கூப்பிடு பார்க்கலாம் என்று நீலாயியிடம் சவால் விடுவான். டாக்டராகக் கதிரண்ணன். அவருக்கு வேஷமே தேவையில்லை, நிஜத்திலும் அப்படித்தான். நாடகக் கம்பெனியில் இருக்கும்போதே அமாவாசையன்று சுடுகாட்டில் உட்கார்ந்து பொரிகடலை சாப்பிட்டவர். பூசணிக்காய் உடைக்க வந்தவரிடம் அதைப் பிடுங்கிச் சமையல்கட்டுக்கு அனுப்பி, எல்லோருக்கும் சாம்பார் போட வைத்தவர். இதோ திரையில் குடையை மடக்கிக்கொண்டு மாட்டுவண்டியிலிருந்து குதிக்கிறார், வணக்கம் என்கிறார். குரல். அப்பா, எத்தனை வருஷம். முன்னால் எழிலியின் கொண்டை அசையவே இல்லை, மூச்சு விடுகிறாளா என்று சந்தேகமாக இருக்கிறது. கேள் கண்ணு, நன்றாகக் கேள், இதெல்லாம் உனக்குத்தான், குளக்கரை வருகிற வரைக்கும் எல்லாம் உனக்குத்தான். குளக்கரை வந்தால்? அங்கே அது இருக்கிறதா இல்லையா. வெட்டிவிட்டேன் என்று சவுண்டு சொன்னார். இவர் சொன்னால் சொன்னதுதான். நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்காமலே நம்பினேன். நம்பினேனா. நம்பியிருந்தால் ஏன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, இரண்டு வாரம் எங்கள் ஊர்க் கொட்டகையிலேயே ஓடியதே.

குளக்கரைக் காட்சி எடுத்த அன்றைக்குச் சேகரா, சேகரா என்று காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் டைரக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அம்மா, நீங்க பேப்பர்ல எழுதின பேரைக் கூப்பிடுறீங்க, ஆளைக் கூப்பிடலை" என்றார். அழுகையே வந்துவிட்டது. பசை போட்ட கன்னம், அழவும் முடியாது. அப்போதுதான் கதிரண்ணன் பக்கத்தில் வந்து, தண்ணீரைப் பார்க்கிற மாதிரி குனிந்து, "அம்சவேணி, என் நிஜப் பேர் பிச்சைக்கண்ணு, அதைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏண்ணா, ஆகாதுண்ணா." "ஒண்ணும் ஆகாது. எனக்கு முன்னாடி பொறந்ததெல்லாம் தங்கலைன்னு, எமன் திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு எங்க ஆத்தா பிச்சைன்னு பேரு வச்சாங்க. அந்த மூடநம்பிக்கை பிடிக்காமத்தான் இளங்கதிர்னு மாத்திக்கிட்டேன். நீங்க கூப்பிடுங்க, எமன் வர்றானான்னு பார்ப்போம்." கண்ணில் அப்படி ஒரு குறும்பு. ஸ்டார்ட் என்றார்கள். நான் குளத்தில் குனிந்தேன், மை கலந்த தண்ணீரில் அவர் முகம் நிஜமாகவே தெரிந்தது, கூப்பிட்டேன். எங்கே இருந்து வந்தது அந்தக் குரல், என் அடிவயிற்றிலிருந்தா, வேறு யாருடையதோவா. லைட் பிடித்தவர்கள் சிலர் நெஞ்சில் கைவைத்தார்கள். டைரக்டர் ஓகே என்று கத்தினார். படம் வெளிவருவதற்கு முன்னால், நாடகம் முடித்துத் திருவாரூரிலிருந்து வருகிற வழியில், கதிரண்ணன் வந்த கார் லாரியில் மோதிவிட்டது. அவர் போய்விட்டார் என்று கேட்டதும் அவர் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனேன். வாசலில் பெண்கள் கூட்டம். செட்டில் நடந்தது எனக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. "பேரைக் கூப்பிட்டவ வந்திருக்கா" என்று ஒருத்தி சொன்னாள், அவ்வளவுதான், கத்தவில்லை, அடிக்கவில்லை, கதவின் ஒரு பக்கத்தை மெதுவாகச் சாத்தினார்கள். சாத்துகிற இடைவெளியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த அவர் மனைவியைப் பார்த்தேன். அந்த வயிற்றுக்குள் இருந்ததுதான் இந்த நரைத்த கொண்டை. சேலத்துக்குத் திரும்பிச் சோறு இறங்காமல் கிடந்தபோது சவுண்டுதான் தேடி வந்தார், பனங்கற்கண்டும் ஒரு பெரிய பிளாஸ்க்கில் சுக்குக் காப்பியுமாக. "அந்தத் துண்டை நானே வெட்டி அடுப்புல போட்டுட்டேன், படத்துல சேகரான்னுதான் இருக்கு, உன் குரல் அவன் பேரைச் சொன்னது இந்த ஒலகத்துல எங்கயும் இல்லை" என்றார். எழுந்து உட்கார்ந்து காப்பியைக் குடித்தேன். அந்தக் காப்பிக்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்வேன், சிரிப்பார்கள். பொய் இல்லை.

குளக்கரை. வந்துவிட்டது. ஊர் மொத்தமும் வளைத்து நிற்கிறது, காற்று ஊளையிடுகிறது, சோடா பாட்டில் வாயில் சவுண்டு ஊதிய காற்று. டாக்டர் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொள்கிறார், "கூப்பிடு நீலாயி, என் பெயரைக் கூப்பிடு" என்கிறார். எழுந்து போய்விடலாமா, கழிவறை எங்கே என்று கேட்டபடி போனால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், இந்த வயதில் அது சகஜம். சவுண்டு என் மணிக்கட்டைப் பிடிக்கிறார். ஏன் பிடிக்கிறார். பார்த்தால் இவர் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறார், காதில் இருக்கிற மெஷினை இன்னொரு கையால் அழுத்திக்கொண்டு. அப்போதே தெரிந்துவிட்டது. திரையில் அந்தப் பெண் குனிகிறாள். கன்னத்துச் சுருக்கம் நடுங்குகிறது. பிச்சைக்கண்ணூ. என் குரல். அரங்கின் நாலு சுவரிலிருந்தும் என் குரல், பிச்சைக்கண்ணூ, சேகரா இல்லை, சேகராவின் நிழல்கூட இல்லை, நான் கூப்பிட்டேன், கூப்பிட்டது இத்தனை வருஷமும் ஒரு தகர டப்பாவுக்குள் கடல் தாண்டிக் கிடந்து இப்போது அவர் மகள் தலைக்கு மேல் விழுகிறது. உடனே, அந்தக் கூப்பாடு முடிவதற்குள்ளேயே, அதன் மேலேயே, ஒரு சிரிப்பு. கதிரண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். டாக்டர் சேகரனுக்கு அங்கே சிரிப்பு எழுதப்படவில்லை, முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டில் யாரோ செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, அடக்க மாட்டாமல், தோள் ஆடச் சிரிக்கிறார். இது எப்படி எனக்கு மறந்துபோனது. கூப்பிட்டது ஞாபகம் இருந்தது, அவர் சிரித்தது எங்கே போனது. அரங்கில் இருக்கிற பிள்ளைகள், அட, டாக்டரோட ரகசியப் பேர்கூடச் சூனியக்காரிக்குத் தெரியுதே என்று கிசுகிசுக்கிறார்கள், கதையில் அப்படி ஒரு முடிச்சு என்று நினைத்துக்கொண்டார்கள். நான் சவுண்டின் காதருகே குனிந்தேன். "வெட்டிட்டேன்னீங்களே." "வெட்டத்தான் உக்காந்தேன் அம்சு" என்றார், மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சற்று உரக்கவே. "உன் கூப்பாடும் அவன் சிரிப்பும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கெடந்துச்சு. பேரை எடுத்தா சிரிப்பும் சேந்து போயிரும். செத்துப்போனவன் சிரிப்பைக் கத்திரி போட எனக்குக் கை வரல. அத வெட்டலன்னு சொன்னா நீ சாப்பிட மாட்டே. நான் என்ன செய்ய?" கோபம் வரும் என்று பார்த்தேன். வரவேண்டிய இடத்தில் பிளாஸ்க்கின் மூடியில் ஆவி பறக்கிற காப்பிதான் வந்தது, அதைப் பிடித்திருந்த இவருடைய இளம் விரல்கள் வந்தன, பொய் சொல்கிறவரின் விரல்கள், எவ்வளவு உறுதியாகப் பிடித்திருந்தன. மணிக்கட்டிலிருந்து அந்தக் கையை எடுத்து என் சால்வைக்குள் வைத்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது, இவருக்கும் குளிர்ந்திருக்கிறது, சொல்லவே இல்லை.

மீதிப் படத்தை நான் பார்த்தேனா என்று தெரியவில்லை. கிணற்றில் விஷம் கலந்தது மிராசுதார் என்று டாக்டர் கண்டுபிடிக்கிறார், அதற்குள் ஊர்க்காரர்கள் என் குடிசைக்குத் தீ வைக்கிறார்கள், நான் எரிகிறேன், நன்றாகத்தான் எரிந்திருக்கிறேன். கதிரண்ணன் ஓடி வருகிறார், நேரமாகிவிட்டது, குளத்தருகே மண்டியிட்டு நீலாயி, நீலாயி என்கிறார், தண்ணீர் லேசாக அசைகிறது. அது காற்றுதான் என்பார் டைரக்டர், ஆவி என்பார் படமுதலாளி, இரண்டு பேருக்கும் அதில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. என் கண் எல்லாம் முன் வரிசைக் கொண்டை மேல். அது அழுகிறதா. திரும்பப்போகிறது, என்னைப் பார்க்கப்போகிறது. அன்றைக்குச் சாத்திய கதவின் மிச்சப் பாதியையும் இப்போது சாத்தப்போகிறது, சாத்தட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது. விளக்கு போட்டார்கள். கைதட்டினார்கள். எழிலி எழுந்து நேரே என்னிடம்தான் வந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. "அந்தக் குளத்துக்கிட்ட வர்ற எடத்தை இன்னொருக்கா போடச் சொல்லுவீங்களாம்மா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "நீங்க கூப்பிடுவீங்களே, அப்பா திரும்பிப் பார்ப்பாரே, அது." எப்படியோ சொன்னேன், "அது உங்கப்பா நிஜப் பேரு. நான் கூப்பிட்டிருக்கக் கூடாது. உங்க வீட்டுல எல்லாரும்..." "தெரியும்மா, சின்ன வயசுல சொல்லுவாங்க. எங்கம்மா மட்டும் ஒண்ணும் சொன்னதில்லை. அப்பா பேரை எங்கம்மா சொல்லவே மாட்டாங்க, புருஷன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு சாகிற வரைக்கும் சொல்லலை. ஊர்ல மத்தவங்களுக்கெல்லாம் இளங்கதிர். எனக்குப் பிச்சைக்கண்ணுங்கிறது இனிஷியல்ல வர்ற ஒரு எழுத்துதான். பள்ளிக்கூடத்துல கேட்டா எழுதிக் காட்டுவேன். அந்தப் பேரைச் சொல்லி ஒருத்தர் கூப்பிட்டு, அப்பா என்னங்கிற மாதிரி திரும்பினதை இன்னைக்குத்தாம்மா பார்க்கிறேன். சிரிக்கிறாரு பாருங்க! அப்படித்தான் சிரிப்பாரா?"

அப்படித்தான் சிரிப்பார் எழிலி, என்றேன். ஏற்பாடு செய்த பெண் உள்ளே ஓடிப்போய் ஆபரேட்டரிடம் சொன்னாள். மறுபடி இருட்டு. இந்தத் தடவை எழிலி எங்கள் வரிசையில், எனக்கும் சவுண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பிச்சைக்கண்ணூ என்றேன் நான் திரையிலிருந்து. கதிரண்ணன் திரும்பினார், சிரித்தார். அவள் இன்னொரு முறை என்றாள், இன்னொரு முறை போட்டார்கள். மூன்றாம் முறையோ நாலாம் முறையோ, அவர் சிரிக்க ஆரம்பித்ததும் இவளும் சிரித்துவிட்டாள், கண்ணைத் துடைத்தபடியே, வாய்விட்டு. சவுண்டு காது மெஷினைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார், வெறும் காதை அவள் பக்கம் சாய்த்தார். எத்தனையோ பேரைப் பதிவு செய்த காது, இப்போது தெருவில் ஹாரன் அடித்தால் கேட்பதில்லை. "தாயி, இன்னொருக்கா சிரி" என்றார். "என்ன ஐயா?" "சிரிச்சு முடிக்கையில மூச்சை உள்ள இழுத்தே பாரு, விக்கல் மாதிரி. அவன் இழுப்பான் அப்படி. அந்த இழுப்புக்காகவே நான் மைக்கைத் தள்ளித் தள்ளி வைப்பேன். அது யாருக்கும் சொல்லிக்குடுத்து வராது." எழிலி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பொத்திய விரல்களுக்குள்ளிருந்து மறுபடியும் அது வந்தது, கடைசியில் அந்த இழுப்போடு, முழுசாக.